மூக்கக்கா பிரித்த பெட்டி

எங்கள் கடையில் பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டராக்கித் தருபவர் மூக்கக்கா. பதினாறு வருடமாக அதே முக்காலி. மலிவுக் கேபினட்டின் தகர விளிம்பு கிழித்துக் கிழித்து இரண்டு கைகளிலும் வெள்ளைக் கோடுகள். பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழுவிப் புதுப் பெட்டியில் போட்டு வந்தாலும் முகர்ந்தே சொல்லிவிடுவார். "எங்கயோ ரெண்டு வருஷம் வெந்துட்டு வந்திருக்கு" என்று முகம் சுளித்து ஒதுக்கி வைப்பார். முதலாளி அதை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்குவார். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தவள், இங்கே பாகங்களின் பட்டியல் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையை வாங்க வருகிறவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை, தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. உள்ளே செம்பும் இரும்பும் நிறைய வைத்துச் செய்த காலத்தில் அது உண்மையாகவும் இருந்ததாம்.

அன்று வந்தவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பக்கப் பார்வை குறைந்ததால் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்களாம். மருமகன் வீட்டில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறார். அது ஓட வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது, கையிலிருப்பதற்குள் முடிய வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

விளக்கு எரியும் கேபினட்டைச் சேர்க்கச் சொன்னார் முதலாளி. அதற்கு ஈடுகட்ட, மலிவான பவர் சப்ளையை எழுதினேன். ஓட்டுநர் தூக்கிப் பார்த்தார். செங்கல் மாதிரி கனம். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல தேர்வு சார்" என்றேன். அதே கம்பெனிப் பவர் சப்ளைகள் நான்கு புகைந்து திரும்பி வந்தது எனக்குத் தெரியும்.

மூக்கக்கா அதை வாங்கிக் குலுக்கினார். சீல் ஒட்டிய திருகைக் கழற்றினார். சீல் கிழிந்தால் கம்பெனி திரும்ப எடுக்காது, அது தெரிந்தும் கழற்றினார். உள்ளே உள்ளங்கையளவு பலகை, மூலையில் கறுப்பு நாடா சுற்றி ஒட்டிய இரும்புத் துண்டு. அக்கா முகத்தைச் சுளித்து அதை நெம்பி எடுத்தபோது பசை சளி மாதிரி நூலாக இழுத்தது.

முதலாளி சிரித்தார். "ஜனங்க கனம் கேக்கறாங்க, கம்பெனிக்காரன் குடுக்கறான். உனக்கு ஏம்மா குமட்டுது?"

"உங்களப் பாத்து இல்ல மொதலாளி. உங்களுக்குப் பழகிடுச்சு. படிச்ச புள்ள 'நல்ல தேர்வு'ன்னுச்சு பாருங்க, அதுக்குத்தான்."

பட்டியலை இழுத்தேன். விளக்குக் கேபினட்டை அடித்துவிட்டு நல்ல பவர் சப்ளையாக எழுதினேன். ஓட்டுநர் அதைத் தூக்கினார். லேசாக இருந்தது. இரும்புத் துண்டைப் பார்த்தார், மறுபடி தூக்கினார்.

"நீங்க சொல்றது புரியுது. கை ஒத்துக்க மாட்டேங்குதே."

எதிர்க்கடைக்குப் போனார். அங்கே இரண்டு கையாலும் ஒரு பெட்டியைத் தூக்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. இரும்புத் துண்டோடு தெருவைக் கடந்தேன். முதலாளி கூப்பிட்டது காதில் விழுந்தது.

"சார், அதையும் பிரிக்கச் சொல்லுங்க" என்றேன்.

எதிர்க்கடைக்காரர் சீலின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டார். ஓட்டுநர் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். எங்கள் கடைக்கு வருவார் என்று வழிவிட்டு நின்றேன்.

"நீதானம்மா முதல்ல நல்ல தேர்வுன்ன" என்று சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி வெறுங்கையோடு நடந்தார்.

திரும்பி வந்து மூக்கக்காவிடம் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"கையில பசை ஒட்டியிருக்கு பாரு. சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவு."