என் மடியில் வைத்த போன்

அங்கன்வாடி டீச்சரை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

தாடிக்கொம்பில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள் நான். மெஷின் ஓட வேண்டுமென்றால் மகள் கையில் போன் இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டரை வயதானபோது, நாலு தாய்மார் முன்னால் அந்தம்மா சொன்னார்: "இம்புட்டு வயசாகியும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை வரல. போனைப் பிடுங்கி வச்சுட்டு, செத்த நேரம் அதுகிட்ட பேசுங்க."

"நீங்க சத்துமாவு குடுக்குற வேலைய மட்டும் பாருங்க" என்றேன். மறுநாளிலிருந்து பிள்ளையை அனுப்பவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கல்யாண ஜாக்கெட் ஒன்றை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். மகள் அழுதுகொண்டே வந்து போனை என் மடியில் வைத்தாள். கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்க்காமல் திரும்பவும் மடியிலேயே வைத்தாள். மூன்றாவது முறை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"என்னடி வேணும்? வாயத் தொறந்து சொல்லித் தொலை."

அப்போதுதான் அவள் கவுனின் தோளில் ரத்தத்தைப் பார்த்தேன். ஜாக்கெட்டில் வைத்துத் தைக்கிற முத்து ஒன்று காதுக்குள் அடைத்திருந்தது.

பசித்து அழுதாலும் விழுந்து அழுதாலும் நான் கொடுத்தது போனைத்தான். வலிக்கிறது என்று சொல்ல அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் முத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது தைக்கும்போதெல்லாம் அவளிடம் வாய் ஓயாமல் பேசுகிறேன். காதைத் தொட்டு "காது" என்கிறாள். அங்கன்வாடிக்கும் மறுபடி அனுப்புகிறேன்.

வாசலில் அந்த டீச்சரைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் ஒரு வார்த்தை வருவதில்லை.