பாஸானவர்களின் அறை

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் தாராவிக்கு வந்து சேர்ந்த வருஷம், என்னை ஒரு ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். டீச்சர் சொல்வது ஒன்றும் விளங்காது. மற்றவர்கள் பையிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து நானும் எடுப்பேன். அவர்கள் எழுந்தால் எழுவேன். அதற்குள் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாத பிள்ளை என்று, என்னைச் சோதித்துப் பார்க்க ஒரு மேடத்தை வரவழைத்தார்கள்.

மேடம் படம் படமாகக் காட்டி, "யே க்யா ஹை?" என்று கேட்டார். இது என்ன என்கிற அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தெரியும். குடை என்றேன். சீப்பு என்றேன். பூட்டு என்றேன். எதற்கும் தயங்கவில்லை. சில நாளில் என்னை மாடிப்படி ஓரத்திலிருந்த வேறொரு அறைக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் தமிழ் பேசினார்கள். எங்கள் சந்துப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். பாடம் கிடையாது. மணி கோக்கலாம், வண்ணம் தீட்டலாம். பாஸானவர்களுக்கான அறை என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

டாக்ஸி ஓட்டிய சித்தப்பாவுக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டு வந்து அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மதினி, இவளுக்கு மூளை வளர்ச்சி பத்தலன்னு தனியா ஒக்கார வச்சிருக்காவ."

அம்மா தையல் பட்டறைக்குப் போகாமல் என்னையும் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். மேடத்தின் மேஜையிலிருந்த படங்களை எடுத்து ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தப்பா அதையே ஹிந்தியில் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய வகுப்புக்கே என்னை அனுப்பச் சம்மதித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸான பிள்ளையை யாராவது திருப்பி அனுப்புவார்களா?

வெளியே வரும்போது அந்த அறை வாசலில் அம்மா நின்றுவிட்டாள்.

"ஏட்டி, உள்ள இருக்கது அம்புட்டும் நம்ம பிள்ளையளா?"

ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் உலை வைக்கவில்லை. அம்மா எங்கள் சந்தில் வாசல் வாசலாக நின்று, "நாளைக்கு நீங்களும் வாங்க, அவியட்ட கேப்போம்" என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். எம்பிள்ளைக்குப் புத்தி மட்டுன்னு ஊருக்கே சொல்லணுமா என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். இரண்டு மூன்று பேர் சரி என்றார்கள். அம்மா அடுத்த வாசலுக்கு நடந்தாள். பசியில் அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நானும் போனேன். என்னைத்தான் மாற்றியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இப்படி அலைகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.