என் கணவருக்குப் பதில் இரண்டு பொடியன்கள்

என் கணவரை ஒரு தடவை மாற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், ஒரு குளிர்காலத்துத் தொடக்கத்தில், எங்கள் வீட்டுக் கதிரைகளில் உட்கார்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். அவருக்குப் பதிலாக இரண்டு பொடியன்கள்.

நாங்கள் வந்த புதிதில் அந்தக் கிழக்குப் பக்கத்தில் தமிழ்க் குடும்பம் என்று சொல்ல எங்களைத் தவிர ஒரு டொக்டர் வீடுதான் இருந்தது. அவர்களும் ஒரு வருடத்தில் மேற்கே பேர்த் நகருக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு அதே பக்கத்து ரோவிலில் முருங்கைக்காய் வாடியிருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். அந்த நாளில் ரோவில் என்றால் குதிரை மேய்கிற வெளி. யாழ்ப்பாணத்தில் வாய் ஓயாத மனிதர் என்று பெயரெடுத்த என் கணவர், இங்கே கட்டடப் படம் வரைகிற கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க என்னோடுகூட நாலு வார்த்தை பேசியதில்லை. நான் ஒரு கதை சொன்னால் "ம்" என்பார். சிரிப்பு என்ற ஒன்றை அவர் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவரோடு வேலை செய்த ஒருவர்தான் ஒரு சனிக்கிழமை அவரைப் பேஸ்போல் விளையாடக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூட நாளில் இவர் கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவர். பேஸ்போலிலும் அடிப்பவனுக்குப் பின்னால் அப்படிக் குந்தியிருக்க ஒரு ஆள் வேண்டும், கேட்சர் என்பார்கள். இரண்டு கையுறைக்குப் பதில் ஒன்று, முகத்துக்கு ஒரு கம்பிக்கூடு, மற்றபடி அதே குந்தல்தான். ஊக்கம் வந்தால் கீழ் உதட்டின் ஒரு பக்கத்தைக் கடித்துக்கொள்வார். முதல் நாளே கம்பிக்கூட்டுக்குள் அந்த உதட்டைப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து கூட விளையாடியவர்கள் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

அது ஏழைக் கழகம். குதிரை வெளிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு குசினி. தலைவர் குழாய் வேலை செய்பவர், வாட்டசாட்டமான வெள்ளைக்காரர். அவருடைய மனைவிதான் குசினிக்கு ராணி. அங்கே ஒரு முறை இருந்தது. வென்றாலும் தோற்றாலும் வந்த அணிக்குத்தான் முதல் தேநீர். விருந்தாளிகள் முன் யன்னலில் வந்து வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். சொந்த ஆட்கள் பின் கதவால் உள்ளே வந்து, கோப்பைகளைக் கழுவித் துடைக்க வேண்டும். துடைப்பது என் கணவரின் வேலை. தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, துடைத்ததை விடக் கூடக் கதைத்துக்கொண்டு நிற்பார். நான் மாவுக்குள் மீன் கறி வைத்துப் பொரித்த பற்றிஸ் செய்து கொண்டுபோவேன். முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தவர்கள், மூன்றாம் வாரம் பெட்டியைக் கண்டதும் ஆட்டத்தை மறந்தார்கள்.

ஆனால் அணிக்கு வயது போய்க்கொண்டிருந்தது. பந்தெறிகிறவர் தோளுக்கு எண்ணெய் பூசாமல் கை தூக்க மாட்டார். சுற்று வட்டாரத்தில் நல்ல பொடியன் ஒருவன் முளைத்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கழகம் கொத்திக்கொண்டு போய்விடும். இன்னொரு தடவை கடைசியாக வந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்கள், கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் தலைவரும் மனைவியும் எங்கள் வீட்டு மணியை அடித்தார்கள். அவர் கழுத்தில் டை. குழாய்க்காரர் டை கட்டிக்கொண்டு வந்தால் ஒன்று சாவு, இல்லையென்றால் பெண் கேட்டு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பாதி சரி. பெரிய கழகத்தின் கேட்சர் விரலை முறித்துக்கொண்டாராம். அவர்களுக்கு உடனே பழுத்த ஆள் ஒருவர் வேண்டும். அவர்களிடம் இடம் கிடைக்காமல் ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருக்கும் பொடியன்கள் நிறைய. என் கணவரை விட்டுக்கொடுத்தால் இரண்டு பேரைத் தருவார்களாம். தலைவர் இதைச் சொல்லி முடிக்கும்வரை எங்கள் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் விருப்பம் இல்லாமல் நடக்காது," என்றார் கடைசியில்.

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பொடியன்கள் எப்படி?"

"ஒருவன் நல்ல ஓட்டக்காரன். மற்றவன் பந்தெறிகிறவன். பயங்கர வேகம். எங்கே போகும் என்றுதான் அவனுக்கே தெரியாது."

என் கணவர் தலையாட்டினார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அவர்கள் வெளிக்கிடும்போது தலைவரின் மனைவி வாசலில் என் கையைப் பிடித்தாள். "நீ சனிக்கிழமை வருவாய்தானே? உன்னை நாங்கள் மாற்றவில்லை. உனக்காக ஒரு முழு அணியைத் தந்தாலும் கொடுக்க மாட்டோம்." கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கதவைச் சாத்தியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படுகினம். நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறியள். உங்களை வேண்டாமெண்டு சொல்லினம், விளங்கேல்லையே?"

"வேண்டாத சாமானை ஆரும் மாத்துக்குக் கேப்பினமே?" என்றார். "இஞ்சேரும், என்ர முழங்கால் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். அந்தப் பொடியள் பத்து வருஷம் விளையாடுவாங்கள். இந்த ஊரில என்னைக் கூப்பிட்டு இருத்தினது அவையள்தான். அவையளுக்குக் குடுக்க என்னட்டை வேற என்ன இருக்கு?"

சட்டிகளை உருட்டிச் சத்தம் போட்டேன். என் பயம் வேறு. அந்தச் சிரிப்பு அந்தக் கொட்டிலில்தான் திரும்பி வந்தது. கொட்டிலை விட்டு ஆளைக் கொண்டுபோனால் சிரிப்பும் கூட வருமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். எங்கள் பக்கத்தில் இது என்ன புதினமா? ஒரு வீட்டுப் பெண்ணைக் கொடுத்து அந்த வீட்டுப் பெண்ணை எடுக்கிற மாற்றுக் கலியாணம் எத்தனை பார்த்திருக்கிறோம். கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் அன்றையிலிருந்து சம்பந்திகள். வருகிற பிள்ளையை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு வரவேற்றால், நாங்கள் அனுப்பிய பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கும்?

ஆகவே அந்தச் சனிக்கிழமை கொட்டில் வாசலில் நிறைகுடம் வைத்தேன். பித்தளைச் செம்பில் தண்ணீர். மாவிலைக்குப் பதில் எங்கள் பின்வளவு எலுமிச்சை இலை. தேங்காய்க்குத்தான் வழியில்லை, கடைசியில் கழகத்துப் பந்துப் பெட்டியைத் திறந்து புதுப் பந்து ஒன்றை எடுத்து மேலே வைத்தேன். தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றார். பொடியன்கள் இரண்டு பேரும் முகம் சிவந்து, உள்ளே வரலாமா, குடத்தைச் சுற்றி வர வேண்டுமா என்று தெரியாமல் முழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடுவர் வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆட்டத்துக்கு வேண்டுமென்று பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பந்து முதல் எறியிலேயே வேலியைத் தாண்டிக் குதிரைகளுக்கு நடுவில் விழுந்தது. எறிந்தவன் மெலிந்த, நெடுவலான பொடியன். இதுக்கோ என்ர மனுஷனைக் குடுத்தது என்று எனக்கு வயிறு எரிந்தது.

என் கணவருக்கும் ஒரு பெட்டி பற்றிஸ் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தேன், சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா. பெட்டியைக் கழுவித் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்களாம். அங்கே தரையெல்லாம் விரிப்பு, கோப்பை கழுவ ஆள் இருக்கிறதாம். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கைகொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்களாம். என்னை விட முந்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை."

அந்தக் குளிர்காலம் முழுக்க அதே ஒரு சொல்தான். அவர்கள் வென்றுகொண்டிருந்தார்கள், இவரும் நன்றாக விளையாடினார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் பழைய "ம்" திரும்பி வந்துவிட்டது. நான் சனிக்கிழமைகளில் கொட்டிலுக்குப் போய், ஆணியில் தொங்கும் அவருடைய துவாயைப் பார்த்துக்கொண்டே பற்றிஸ் அடுக்கினேன். அந்தத் துவாயை வேறு யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் அந்த நெடுவல் பொடியன் பின் கதவால் வந்து, கோப்பை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "உங்கள் கணவருக்கு என்மேல் கோபமா?"

"அவருக்கில்லை. எனக்குத்தான்," என்றேன்.

அவன் அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டு தலையாட்டினான். அடுத்த சனி தன் தாய் செய்த கேக் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அது கல்லுக் கேக். ஆனாலும் தாய்க்காரி ஒருத்தி, முன்பின் தெரியாத எனக்காக, மா குழைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவனோடு கோபமாக இருக்க என்னால் முடியவில்லை. அவனுடைய பந்தும் மெல்ல மெல்ல வேலிக்கு உள்ளே விழத் தொடங்கியது.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், பெரிய கழகத்தோடு. வென்றால் எங்கள் பிரிவில் நிற்கலாம், தோற்றால் இறக்கம். வீட்டிலிருந்து ஒரே காரில்தான் போனோம். அவர் மடியில் அந்த அணியின் சட்டை, என் மடியில் பற்றிஸ் பெட்டி.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். அவர்களில் இன்னும் ஒரு ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அவர்களுடைய ஆள் ஒருவன் மூன்றாம் மூலையில், ஓடி வந்து கணக்கைச் சமன் செய்யத் தயாராக நிற்கிறான். மட்டையோடு வந்தது என் கணவர். எறிய நின்றது அந்தப் பொடியன். குசினியில் நின்ற எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். இவர் வேண்டுமென்று பிழை விட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம். அப்படி விட்டால் அது அந்தப் பிள்ளைக்கும் அவமானம், இவருக்கும் அவமானம். உற்றுப் பார்த்தேன். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது.

முதல் பந்தை அடிக்கப் பார்த்துத் தவறவிட்டார். இரண்டாவது மட்டையில் உரசிப் பின்னால் போனது, அதுவும் தவறுக் கணக்குத்தான். மூன்று தவறினால் ஆள் அவுட். மூன்றாவதை அந்தப் பொடியன் எறிந்த வேகத்தில் எனக்குப் பந்தே தெரியவில்லை. இவர் முழு உடம்பையும் திருப்பி வீசினார். காற்றைத்தான் அடித்தார். பந்து கேட்சரின் கையுறைக்குள் போய் அறைந்த சத்தம் கேட்டது.

நான் கத்தினேன். "என்ர ராசா!" என்று தமிழில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அந்த நெடுவல் பொடியனைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடிந்த பிறகுதான் அவுட்டானது யார் என்று நினைவு வந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என் கணவர் மட்டையை ஊன்றிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றார். பொடியனைப் பார்த்தார். குசினி யன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். முழு மைதானத்துக்கும் கேட்டது.

விருந்தாளி அணி முன் யன்னலில் வரிசையாக நின்று தேநீர் வாங்கியது. நான் ஒவ்வொரு கோப்பையாக ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவரைக் காணவில்லை. காருக்குப் போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தபோது பின் கதவு திறந்தது. அந்த அணியின் சட்டையோடு உள்ளே வந்தார். ஆணியில் இருந்த துவாயை எடுத்து ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"விருந்தாளிகளுக்கு அந்தப் பக்கம்," என்றாள் தலைவரின் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

அவர் அது காதில் விழாதவர்போல, தொட்டியடியில் நின்ற பொடியனுக்குப் பக்கத்தில் போய், அவன் கழுவிய கோப்பையைக் கைநீட்டி வாங்கினார்.

"கத்தினது நீர்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம்."

"நல்ல மாத்துத்தான்," என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்.