சிவப்பில் விழுந்த ஜெயம்மாள்

உள்ளறையில் பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. கூடத்தில் ஜெயம்மாளின் விசும்பல் மட்டும் நிற்கவில்லை.

சங்கராபுரத்தில் நிர்மலாவின் வீடு அது. சாமை விதை வாங்கும் மலை விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பாகப் பராமரிப்பது அவள் வேலை. அந்தப் பட்டியலில் தன் பெயர் சிவப்பாகிவிட்டதாகக் கேள்விப்பட்டு, ஜெயம்மாள் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"எம் மவன் வீரமணிதான் கடுதாசி குடுத்து எம் பேர எடுத்துட்டான், பாப்பா! பெத்தவ பாரமாயிட்டேன்."

"அழுதுகினே இருந்தா எப்டிக்கா? இருங்க, பாக்கறேன்."

கோப்பில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டி. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால், நீங்கிய வரி சிவப்பாகவும் புதிதாக வந்த வரி பச்சையாகவும் தெரியும். ஜெயம்மாள் சிவப்பில்தான் இருந்தாள். ஆனால் வீரமணியும் சிவப்பில் இருந்தானே! தன்னையே ஒருவன் எதற்கு நீக்குவான்?

நிர்மலாவுக்கு ஆவல் பற்றிக்கொண்டது. வரி வரியாக ஒப்பிடுவதை விட்டுவிட்டு, உறுப்பினர் எண்ணை வைத்து ஒப்பிட்டாள். சிவப்பு மறைந்தது; 'இடம் மாறியது' என்று வந்தது. குடும்பத் தலைவர் பெயர் வரிசையில் அடுக்கிய கோப்பு அது. தலைவர் மாறியதால் பெட்டி வேறெங்கோ போயிருந்தது.

"அக்கா, அவன் கடுதாசி குடுத்தது இதுக்குத்தான். இப்ப நீங்கதான் குடும்பத் தலைவி. வீரமணி உங்களுக்குக் கீழ!"

ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் மட்டும் மறுபடி பெருகியது.

"திருட்டுப் பய, ஒரு வார்த்த சொன்னானா? கோவத்துல சோறுகூட ஆக்காம வந்துட்டேனே!"

செருப்பை மாட்டும்போதே பஸ் நேரம் கேட்டுக்கொண்டு ஓடினாள். சிரித்தபடி நிர்மலா கதவைச் சாத்தினாள்.