பட்டன், பட்டன், பட்டன்

எங்கள் மெயிலிங் லிஸ்டுக்கு நான் அட்மின். இதைச் சொன்னால் காஞ்சிபுரத்தில் யாரும் எழுந்து நின்று வணக்கம் வைப்பதில்லை. கணினியில் பட்டுப்புடவை டிசைன் போடுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் மின்னஞ்சல் குழு அது. காஞ்சிபுரம், ஆரணி, தர்மவரம் என்று ஊருக்குச் சிலர் இருக்கிறோம். ஒருவர் சந்தேகம் கேட்டு மடல் போட்டால் எல்லோருக்கும் போகும், தெரிந்தவர் பதில் போடுவார். மடல்கள் எல்லாம் ஓர் இணையதளத்தில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதைக் கிடங்கு என்போம். வாட்ஸ்அப் வந்த பிறகும் குழு மூச்சோடு இருந்ததற்கு அந்தக் கிடங்குதான் காரணம். வாட்ஸ்அப்பில் போன மாதம் ஒருவர் சொன்னதைத் தேடி எடுப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

இன்னொரு காரணம் என் நண்பர். பக்கத்தில் ஓரிக்கையில் இருக்கிறார். என் வயதுதான், என்னைவிடக் கெட்டிக்கார டிசைனர். சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, கடைசியில் முழுக்கவே எடுத்துக்கொண்டது. டிசைன் வேலை அதோடு போயிற்று. குழுவை மட்டும் அவர் விடவில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுக்கொண்டு, காதில் இயர்போனோடு கிடங்குக்குள்ளேயே குடியிருந்தார். யாராவது எதையாவது கேட்டால், இது முன்பே வந்திருக்கிறது, இந்த மடலைப் பாருங்கள் என்று சுட்டியோடு அவர் பதில் வந்து நிற்கும். கண்ணுள்ள நாங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் வந்துவிடும். அதற்கு வரும் நன்றி மடல்களை மட்டும் இயர்போனைக் கழற்றிவிட்டு, சமையலறையில் இருக்கும் மனைவிக்குக் கேட்கும்படி உரக்க வைப்பார். அந்த நன்றிதான் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம்.

கிடங்குக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்தவர்களிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. பழைய மென்பொருளை நிறுத்தப் போகிறோம், புதியவை இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நாங்களே ஒன்றைப் போட்டுவிடுவோம் என்றார்கள். பழையதே இருக்கட்டுமே என்று எழுதினேன். அதைப் பராமரிக்க ஆள் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்று பதில் போட்டார்கள். நியாயமான பதில். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படக்கூட முடியாது.

சரி, ஒப்பிட்டாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பழைய கிடங்கு பார்க்கச் சகிக்காது. பரீட்சை முடிவைச் சுவரில் ஒட்டினது போல, மாதத்துக்கு ஒரு பக்கம், அதில் தலைப்புகள், அவ்வளவுதான். தேடுபெட்டி கிடையாது. ஆனால் ஒரு மாதத்து மடல்கள் அத்தனையும் ஒரே பக்கத்தில் இருக்கும். நண்பர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சொல்லைத் தேடிப் பிடித்துவிடுவார். புதிய இரண்டிலும் எங்கள் மடல்களை ஏற்றிப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். என் கண்ணுக்கு இரண்டுமே பிரமாதமாக இருந்தன. என் கண்ணை நம்பி என்ன பிரயோசனம் என்று இரண்டு தளங்களின் முகவரியையும் எழுதிக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன்.

நானும் கேட்கட்டும் என்று இயர்போனைக் கழற்றினார். தன் கணினியில் அவர் முதல் தளத்தைத் திறந்ததும் வாசிக்கும் குரல் தலைப்பு, பெயர், தேதி எல்லாவற்றையும் ஒழுங்காக வாசித்தது.

"நம்ம பழசாட்டமே இருக்குதுபா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

தேடுபெட்டியில் தமிழில் ஒரு சொல்லை அடித்தார். முடிவுகள் இல்லை என்றது. இன்னொன்று அடித்தார், அதற்கும் இல்லை. ஆங்கிலத்தில் அடித்தால் வந்தது. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதுவது பெயரை மட்டும்தான். மாதப் பக்கத்துக்குப் போய்த் தேடலாமென்றால், அதையும் துண்டு துண்டாக வெட்டிப் பல பக்கமாக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது தளம் தமிழில் கேட்டதையெல்லாம் கொட்டியது. ஃபோனில் பார்க்க அத்தனை அழகு. ஆனால் அவருடைய குரல் அதற்குள் போனதும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை. படம் பார்த்து அழுத்த வேண்டிய பட்டன்கள், செய்தவர்கள் பெயர் வைக்கவில்லை. கீழே போகப் போகப் புது மடல்கள் வந்து விழும், உடனே குரல் பக்கத்தின் உச்சிக்குத் தாவிவிடும். அவர் மறுபடி முதலிலிருந்து இறங்குவார். கடைசியில் பொறுமை போய் ஏதோ ஒன்றை அழுத்தினார்.

"இன்னா ஆச்சு?"

"ஆரணிக்காரர் தறி மேல இருக்கற ஜக்கார்டு பெட்டி எரிஞ்சிபோச்சுன்னு அழுதிருக்காரு. நீ அதுக்கு ஹார்ட் போட்டுட்ட."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் மனைவி காபியோடு வந்து, "இன்னாண்ணா விஷயம்?" என்று கேட்டார். காபியை வாங்கிக்கொண்டு மறுபடி சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு வண்டியை எடுக்கவே மனம் வரவில்லை.

இரண்டாவது தளத்தைச் செய்தவர்களுக்கு எழுதினேன். தெரிவித்ததற்கு நன்றி, வரும் பதிப்பில் கவனிப்போம் என்றார்கள். எந்தப் பதிப்பு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. குழுவில் என் ஒப்பீட்டைப் போட்டேன். கண் தெரியாத உறுப்பினர் இரண்டாவதைப் பயன்படுத்த முடியாது என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். யாரென்று எழுதக் கூடாது என்பது அவர் கட்டளை.

"நான் ஒருத்தன்பா. அவுங்க அல்லாரும் ஃபோன்ல பாக்கறவங்க. தமிழ்ல தேட வரலைன்னா கெடங்கு எதுக்கு?"

ஓட்டு வைத்தோம். எல்லோரும் இரண்டாவதற்குப் போட்டார்கள். அவரும் அதற்குத்தான் போட்டார். முதலாவதற்கு விழுந்த ஒரே ஓட்டு என்னுடையது. முடிவை அறிவிக்க வேண்டியவனும் நானே. அறிவித்தேன்.

கிடங்கு இரண்டாவது தளத்துக்கு மாறிக் கொஞ்ச காலம் கழித்து ஆரணியிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார். ஃபைலை டிசைன் போடும் புது மென்பொருளுக்கு மாற்றியதும் புடவையின் வலது கரையில் உள்ள மயில்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, தறி நிற்கிறது, என்ன செய்வது என்று. மடல் வந்த சூட்டோடு நண்பரின் ஃபோன் வந்தது.

"இது வந்திருக்குதுபா. ஒர்த்தர் ஒரு செட்டிங் ஃபைலோட பதில் போட்டிருந்தாரு. அந்த ஃபைல் இல்லாம வாயால சொன்னா பிரயோசனமில்ல. எடுத்துக் குடு, நான் அனுப்பறேன்."

மயில் என்று அடித்தேன். காஞ்சிபுரத்து டிசைன்காரர்களின் கிடங்கில் மயில் என்று அடித்தால் என்ன ஆகுமோ அது ஆனது. கரை என்று அடித்தேன், இன்னும் மோசம். முதுகு என்று அடித்தேன், முதுகுவலிக்கு ஒருவர் சொன்ன வைத்தியம் வந்தது. எந்த வரிசையில் வந்து நிற்கின்றன என்றே புரியவில்லை. பழையதை முதலில் காட்டச் சொல்லவும் வழி தெரியவில்லை. இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தேன். நான் தட்டுகிற சத்தத்தை ஃபோனில் கேட்டபடி அவர் காத்திருந்தார்.

"கெடைச்சுதா?"

"இருபா."

கிடைக்கவில்லை. அதற்குள் குழுவில் வேறொருவர் பதில் போட்டுவிட்டார். வேறு வழியே கிடையாது, வலது கரையை முதலிலிருந்து புதிதாக வரையுங்கள் என்று. தப்பான பதில். அந்தப் பெண் உடனே, நன்றி சார், அப்படியே செய்கிறேன் என்று எழுதினார். நண்பரின் கணினி அந்த நன்றியை வாசிப்பது ஃபோன் வழியாக எனக்குக் கேட்டது. இல்லைம்மா, வழி இருக்கிறது என்று எழுதலாம். எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க அந்த ஃபைல் வேண்டும். எனக்கு அழுகை வந்தது.

"சரி, வெச்சிடுபா" என்றார்.

அந்த வாரமே அட்மினுக்கு வரும் தானியங்கி அறிவிப்பு வந்தது. இந்த உறுப்பினர் தாமாகவே குழுவிலிருந்து விலகிக்கொண்டார். உடனே அவருக்கு ஃபோன் போட்டேன். மனைவி எடுத்தார்.

"சும்மாதான் உக்காந்துக்கினு இருக்காருண்ணா. கம்ப்யூட்டர எடுத்து உள்ள வெக்க சொல்லிட்டாரு." கொஞ்சம் தள்ளிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "உங்க குரூப்புல அவரு செய்றாப்பல எதுனா வேல இருந்தா குடுங்கண்ணா. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

"பாக்கறேம்மா" என்றேன்.