பெண் வீட்டுக்காரராக வந்த நன்னடத்தை அலுவலர்

நன்னடத்தை அலுவலர் என்றால், ஒருவனின் குற்றங்குறைகளைத் தோண்டி எடுத்து, 'இவனை உள்ளே போடுங்கள்' என்று மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுப்பவர் என்றுதான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தி மட்டும் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நானும் மனைவியும், கல்யாணமாகாத என் தம்பியும் குடியிருந்தோம். தம்பி ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கம்பெனி பஸ் ஏறும் இடத்தில், கர்நாடக எல்லையோர ஜூஜுவாடியைச் சேர்ந்த ஒரு லாரி டிரைவரோடு வாய்த்தகராறு. டிபன் கேரியரால் அடித்துவிட்டான். அவருக்கு மண்டையில் தையல்.

கோர்ட்டில் தம்பி தப்பை ஒப்புக்கொண்டான். மாஜிஸ்திரேட் உடனே தண்டனை சொல்லவில்லை. நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தரட்டும் என்று தள்ளிவைத்தார். ஜெயிலுக்குப் போனால் வேலையும் போய்விடும். "இது நல்லதுக்குத்தான்" என்றார் வக்கீல். சொன்னால் கேட்கிற ஆளா நான்? வீடு வீடாகப் போய், "தம்பிக்கு ஒரு இடம் வந்திருக்கு. பொண்ணு வீட்டுக்காரர் விசாரிக்க வருவாரு. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவைத்தேன்.

அவர் வந்தார். சாதாரணச் சட்டை, தோளில் ஒரு பை. தான் யார் என்பதை என்னிடம் மட்டும் சொல்லி, அக்கம்பக்கத்தில் பேச வேண்டும் என்றார். நானே மாப்பிள்ளைத் தோழன் போல முன்னால் நடந்தேன்.

"பையன் தங்கம் சார். டீ கூட குடிக்க மாட்டான்!" என்றார் டீக்கடைக்காரர். அவர் கடையே என் தம்பியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம் மேனேஜர் ஆயிடுவான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். அலுவலர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பேனாவை எடுக்கவே இல்லை.

கடைசி வீட்டில் இருந்த பெண்மணி உத்தனப்பள்ளிப் பக்கம். ரோஜாப் பண்ணையில் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அலுவலரை ஒரு பார்வை பார்த்தார்.

"நானும் ரெண்டு பொண்ணப் பெத்தவ சார். மறைச்சா பாவம். இந்தப் பையன் ஒருத்தர் மண்டைய ஒடைச்சிட்டான். கேஸ் நடக்குது."

அலுவலரின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன்.

"என்னண்ணா, கொசுவா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி தொடர்ந்தார். "ஆனா மறுநாளே அந்த டிரைவரைத் தேடிப் போனான் சார். அவருக்குக் கன்னடம்தான் வரும்னு எங்க வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போயி மன்னிப்புக் கேட்டான். காயம் ஆர்ற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு இவன்தான் கூட்டிட்டுப் போனான். அண்ணனுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாருன்னு மூச்சு விடல. கோவக்காரன் சார், கெட்டவன் இல்ல. பொண்ணு குடுக்கறது உங்க இஷ்டம்."

எனக்கே அது புதுச் செய்தி. சிரிக்கத் தோன்றவில்லை.

அலுவலர் இப்போதுதான் பேனாவை எடுத்தார். "நான் பொண்ணு வீட்டுக்காரன் இல்லம்மா. கோர்ட்டுல இருந்து வர்றேன். இதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றார். லைனே திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் கிணறு இல்லாததால் நான் இன்று உயிரோடு இருக்கிறேன். அலுவலர் அங்கிருந்து நேராக ஜூஜுவாடிக்குப் போய் டிரைவரிடமும் விசாரித்திருக்கிறார். "ஆமா, அவன்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டான்" என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

தீர்ப்பு நாளன்று தம்பி ஜெயிலுக்குக் கொண்டுபோக ஒரு பை கட்டி எடுத்துப் போனேன். சோப்பு, சீப்பு, துண்டு, எதற்கென்று தெரியாமல் ஒரு குடை. மாஜிஸ்திரேட் அறிக்கையைப் படித்தார். ஜெயில் இல்லை, ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்து, ஒரு வருஷம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருந்தால் போதும் என்றார். கோர்ட் வாசலில் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "உன்னை உள்ள போடட்டுமா?" என்றார். வக்கீல் என்னை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

ஒருவனைச் சிறைக்கு அனுப்புமுன், அவன் வாழும் தெருவுக்கு ஓர் ஆளை அனுப்பி 'இவன் எப்படிப்பட்டவன்?' என்று கேட்கும் மனசு சட்டத்துக்கும் உண்டு என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அன்று மதியம் தம்பி செகண்ட் ஷிஃப்டுக்குப் போனான்.