கழிவு போக எண்பத்தைந்து கிலோ

பெயர் அரிகிருஷ்ணன். தந்தை பெயர் பச்சைமுத்து. பிறப்பு 14 மே 1977, தொண்டூர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 1996 முதல் செஞ்சியில் ஒரு தனியார் நெல் மண்டியில் வேலை; 2003 முதல் அங்கு எடை போடுபவர். மனைவி மங்கை. மகள் ஒருத்தி, திருமணமாகிச் சென்னையில் இருக்கிறாள். தம்பி வீரமணி, எட்டு வயது இளையவர், எலக்ட்ரீஷியன். அவருக்கு 2023 ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். அரிகிருஷ்ணனின் உயரம் 168 சென்டிமீட்டர். 2024 ஜனவரி 22 அன்று எடை 101 கிலோ 200 கிராம்.

இவற்றில் கடைசி எண்ணைத் தவிர வேறு எதுவும் அவரை வெட்கப்பட வைத்ததில்லை. அந்த எண்ணும்கூட அன்றைய காலைவரை வெறும் கேலிக்குரியதாகத்தான் இருந்தது. மண்டியில் மூட்டை தூக்கும் பொன்னுசாமி அவரை "ஒன்னேகால் மூட்டை" என்றுதான் கூப்பிடுவார். நெல் மூட்டை எழுபத்தைந்து கிலோ. அரிகிருஷ்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

அன்று புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அண்ணனும் தம்பியும் தம்பி மனைவி ரஞ்சனியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு ஒரு சிறுநீரகம் தருவதாக அரிகிருஷ்ணன் தாமாகவே முன்வந்திருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தம் சேருது. மத்ததெல்லாம் சேருது. உங்க எடைதான் சேரல. எண்பத்தஞ்சுக்குள்ள வாங்க, ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கறேன். தினம் நடங்க. மொதல்ல கால் மணி நேரம், வாரா வாரம் அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. மாசம் ரெண்டு கிலோ குறைஞ்சா போதும். பட்டினி கெடந்து ஒரேயடியாக் குறைச்சிக்கினு வந்தா ஒத்துக்க மாட்டேன்."

ரஞ்சனி கையிலிருந்த கோப்பை மூடினாள். யாரும் அரிகிருஷ்ணனைக் குறை சொல்லவில்லை. தம்பிக்குக் கொடுப்பதற்கு அவரிடம் எல்லாம் இருந்தும், கொடுக்கவிடாமல் தடுத்தது பல வருடங்களாக அவரே தின்று சேர்த்த கொழுப்பு. அந்த அறையிலிருந்து வெளியேறும்போது முதன்முறையாகச் சட்டையை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டார்.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் வீரமணிதான் ஆறுதல் சொன்னார். "ஒரு மூட்டை, மேல பத்து கிலோ. அவ்ளோதானேண்ணா? நீ பாக்காத மூட்டையா?"

மறுநாளே நடை தொடங்கியது. வீட்டிலிருந்து கோட்டை வாசலை நோக்கித் திருவண்ணாமலை சாலையில், விடியுமுன் போய்த் திரும்பிவிடுவார். காற்றுக்காக அல்ல, யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகவே அந்த நேரம். செஞ்சியில் வண்டி வைத்திருக்கும் மனிதர் நடந்து போனால் காரணம் சொல்லியாக வேண்டும்.

"இன்னா அரி, வண்டி ரிப்பேரா?" பால் கேன் கட்டிய வண்டிக்காரர் ஒருவர் தினமும் கேட்டார்.

"பெட்ரோல் இல்லபா."

"மூணு மாசமாவா?"

உண்மைக் காரணத்தை அவர் மண்டியிலும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எடை குறையாமல் போனால், தம்பியைவிடத் தின்பதுதான் அவருக்குப் பெரிதாயிற்று என்று ஊர் சொல்லும் என்று பயந்தார்.

முதல் மூன்று மாதங்கள் நன்றாகவே போயின. ஏப்ரலில் எடை தொண்ணூற்று நான்கு. கால் மணி நேரம் ஒரு மணி நேரமாக வளர்ந்திருந்தது. ராஜகிரி மலைமேல் முதல் வெளிச்சம் படுவதற்குள் கோட்டை வாசலைத் தொட்டுத் திரும்பத் தொடங்கிவிடுவார். ஆனால் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு மணி நேரம் நடந்தவனுக்கு ஒரு மசால் வடை நியாயமான கூலி என்று மே மாதத்தில் அவருக்குத் தோன்றியது. ஜூனில் அது இரண்டாயிற்று. ஆடியில் தொண்டூரில் கூழ் ஊற்றினார்கள். மறுநாள் பங்காளி வீட்டில் கிடா வெட்டினார்கள். இலையில் இரண்டாம் முறை கறி விழுந்தபோது எதிர் வரிசையில் வீரமணி இருந்தார். அவர் இலையில் உப்பில்லாத சோறு. தம்பி பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் அண்ணன் சாப்பிட்டார்.

எடை பார்ப்பது திங்கட்கிழமைகளில். டாக்டர் ஒரே மெஷினில் பார்க்கச் சொல்லியிருந்தார். ஆண்டுதோறும் முத்திரை வாங்கும் மண்டி மெஷினைவிட நம்பகமானது எது? நடை முடிந்ததும் நேராக மண்டிக்குப் போய், ஆள் வருமுன் பலகைமேல் ஏறி இறங்கிவிடுவார். பிறகு தம்பிக்குப் போன் செய்து எண்ணைச் சொல்வார். தம்பி அதை ரஞ்சனியிடம் சொல்வார். அந்த வீட்டில் திங்கட்கிழமை அப்படித்தான் விடிந்தது.

ஜூலையில் எண் அசையவில்லை. நெல்லுக்குக் கழிவு போடுவது அவருடைய தொழில். மூட்டையைப் பலகையில் வைத்ததும் வெறும் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். நெல் ஈரமாக இருந்தால் அதற்கும் கழிக்க வேண்டும். இருபத்தோரு வருடங்களில் ஒரு விவசாயியிடமும் நியாயத்துக்கு மேல் நூறு கிராம் கழித்தவரல்ல. அதற்காகவே சீயமங்கலத்திலிருந்துகூட அவரிடம் எடை போடக் காத்திருப்பார்கள். அந்தக் கை, பழக்கத்தில், தனக்கும் கழிவு போட்டது. லுங்கி, சட்டை, செல்போன், சாவி எல்லாவற்றுக்கும் ஒரு கிலோ. அதில் தவறில்லை என்றுதான் தோன்றியது. அடுத்த வாரம், சட்டை வியர்வையில் நனைந்திருந்ததால் ஈரத்துக்கு அரைக் கிலோ. பிறகு குடித்த தண்ணீருக்கு. ஆடிக்குப் பிறகு, விருந்து இன்னும் வயிற்றில் இருக்கிறது என்பதற்காக ஒரு கிலோ. ஒவ்வொரு வாரமும் ஏறிய கழிவு ஒன்றுகூட இறங்கவில்லை. போனில் போனதெல்லாம் கழிவு போக மிஞ்சிய எண்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அந்த எண் எண்பத்தைந்தைத் தொட்டது.

"வந்துட்டேன்டா," என்றார் போனில். வீரமணி போனைக் கைமாற்றியிருக்க வேண்டும். ரஞ்சனியின் குரல்தான் கேட்டது. "மாமா, நெஜமாவா? நான் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்."

செப்டம்பர் 16, திங்கட்கிழமை, புதுச்சேரி. காலை பஸ்ஸில் ரஞ்சனி ஒரு தனி டப்பாவை நீட்டினாள். எண்ணெய் விடாத சப்பாத்தி. "உங்களுக்குன்னு செஞ்சேன் மாமா. இத்தினி மாசம் வாயக் கட்டுனீங்க, இன்னிக்கு கெட்டுடப் போவுது."

நர்ஸ் அவரைப் பலகையில் ஏற்றினாள். 88.6 என்று வாசித்தாள். மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடியும் 88.6.

டாக்டர் கோபப்படவில்லை. நல்ல முன்னேற்றம் என்றுகூடச் சொன்னார். ஆனால் தேதி கொடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்தான். ஜனவரியில பாக்கலாம்."

ஜனவரி என்றால் தம்பியின் கையில் இன்னும் முப்பதுக்கும் மேற்பட்ட தடவை ஊசி. அந்தக் கணக்கு நான்கு கண்களில் ஓடியதை அரிகிருஷ்ணன் பார்த்தார். வெளியே வந்ததும் ரஞ்சனி மெதுவாகக் கேட்டாள்: "மண்டி மெஷின் தப்பா காட்டுதா மாமா?"

"ஆமாம்மா," என்றார் அவர். "மெஷின்தான்."

அந்த ஒரு சொல்லில் தாம் என்ன செய்துவிட்டார் என்பது அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது.

19ஆம் தேதி, வியாழக்கிழமை. அறுவடை நேரம், மண்டி வாசல்வரை மூட்டைகள். டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதால் வீரமணி அங்கே வந்தார். அண்ணனிடம் வரவில்லை, நேராக மண்டி உரிமையாளர் இளவழகனிடம் போனார். அண்ணனுக்காகப் பேசத்தான் வந்திருந்தார்.

"மெஷின ஒருக்கா செக் பண்ணுங்க சார். எங்க அண்ணன் எட்டு மாசமா இருட்டுல நடந்து நடந்து எளைச்சிருக்குது. எனக்குக் கிட்னி குடுக்கறதுக்காக. உங்க மெஷின் மூணரை கிலோ கம்மியா காட்டி ஏமாத்திடுச்சி. ஆஸ்பத்திரியில அது தலகுனிஞ்சிக்கினு நின்னுச்சி சார்."

பொன்னுசாமி தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார். அதற்குள், வரிசையில் முதலில் நின்ற சீயமங்கலம் ராஜம்மாள் முன்னால் வந்துவிட்டார்.

"இன்னாது? மூணரை கிலோ கம்மியா காட்டுதா? போன வாரம் நாப்பது மூட்டை போட்டேனே, மூட்டைக்கு மூணரை கிலோ யார் வூட்டுக்குப் போச்சி?"

"ஆயிரம் நாளா நம்பி வரோம், இந்த அரி கையில," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அரி மேல இன்னாய்யா தப்பு? மெஷின வெச்சவனக் கேளு!"

இளவழகனின் முகம் கறுத்தது. "முத்திரை போட்ட மெஷின்யா இது. அரி, நீ சொல்லு. மெஷின் தப்பா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வீரமணியும் பார்த்தார், அண்ணனுக்கு நியாயம் வாங்கித் தந்த பெருமிதத்தோடு. அந்தப் பார்வைதான் அரிகிருஷ்ணனால் தாங்க முடியாததாக இருந்தது. ஆமாம் என்றால் மண்டி நாறும்; அந்த மெஷினில் இதுவரை அவர் போட்ட எடையெல்லாம் பொய்யாகும். இல்லை என்றால் தம்பி முன்னால் நிற்க முடியாது.

"மெஷின் சரியாத்தான் இருக்குது," என்றார்.

"அப்போ?" என்றார் ராஜம்மாள்.

"நான்தான் கழிச்சேன்."

"எங்க நெல்லுலயா?"

"இல்லம்மா. எனக்கு. லுங்கிக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு, தண்ணிக்கு... மூணு கிலோ அறுநூறு வரைக்கும் கழிச்சிட்டேன். வடை துன்னேன். கறி துன்னேன். குறையல. தம்பிகிட்ட குறைஞ்சிடுச்சின்னு சொன்னேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகைமேல் ஏறினார். சிவப்பு எழுத்தில் 88.4 தெரிந்தது. மூட்டை எடையை உரக்கக் கூவிச் சொல்வது பொன்னுசாமியின் வழக்கம். அன்று அவர் கூவவில்லை.

ராஜம்மாள்தான் பேசினார். "அட பாவி மனுஷா! எங்க மூட்டைக்குக் கிராம் கணக்கா பாக்கறவன், உன் ஈரத்துக்கா மூணரை கிலோ? நீ இன்னா ஏரியில முங்கினு வந்தியா?"

சிரிப்பு எழுந்தது. இத்தனை வருடங்களும் கூடச் சேர்ந்து சிரித்தவருக்கு அன்று சிரிக்க வரவில்லை. அவர் பலகையிலிருந்து இறங்கியபோது வீரமணி வாசலைத் தாண்டிவிட்டிருந்தார்.

அன்றிரவு அவர் வீட்டில் சொன்னபோது மங்கை நெடுநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க குடுக்கப் போறதுல எனக்குப் பயம்தான். ஆனா குடுக்கறேன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணது, பயத்தவுட அசிங்கமா இருக்குது. போய் உங்க தம்பிகிட்ட நில்லுங்க."

நின்றார். வீரமணி கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை.

"முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாமேண்ணா. நான் வேற வழி பாத்திருப்பேன். திங்கக்கெழம திங்கக்கெழம அந்த நம்பர வெச்சிதான் நான் ஊசி குத்திக்கினு வந்தேன்."

"முடியும்டா. இனிமே போன் பண்ண மாட்டேன். நீயே வந்து பாரு."

அந்த வாரத்திலிருந்து அவர் மாலை ஐந்து மணிக்கு நடந்தார். மண்டி விட்டு, கடைத்தெரு வழியாக, பேருந்து நிலையத்தைக் கடந்து, கோட்டை வாசல் வரை, ஊர் பார்க்க. பால் வண்டிக்காரர் ஒருநாள் மாலையிலும் எதிர்ப்பட்டார்.

"இன்னா அரி, இன்னும் ரிப்பேரா?"

"ஆமா. வண்டி இல்ல, நான்தான். எளைச்சாத்தான் தம்பிக்குக் கிட்னி குடுக்க முடியும்."

அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. சில நாள் வண்டியை மெதுவாக்கிக் கூடவே உருட்டினார். டீக்கடைக்காரர் டீ மட்டும் நீட்டினார். கேட்டாலும் வடை தரவில்லை. முதல் சில வாரங்கள் ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் கூசியது. கூச்சத்தோடேயே நடந்தார். மழை நாட்களில் மட்டும் நிறுத்தினார். அடுத்த நாள் அதற்குச் சேர்த்து நடக்கவில்லை, வழக்கமான தூரமே நடந்தார்.

எடை திங்கட்கிழமை பகலில், வரிசை நடுவே. ஒரு மூட்டை இறங்கியதும் அவர் ஏறுவார். பொன்னுசாமி மூட்டைக்குக் கூவும் அதே ராகத்தில் கூவுவார்: "எண்பத்தேழு எழுநூறு! கழிவு இல்ல!" வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். அவர் காது மடல் சிவக்கும். முதல் நான்கு வாரம் வீரமணி வரவில்லை. ஐந்தாம் வாரம் வந்தார்; மண்டி வாசல் வேப்பமரத்தடியில் நின்று எண்ணைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். தீபாவளி வாரத்தில் எடை முந்நூறு கிராம் ஏறியது. அன்றும் பொன்னுசாமி கூவினார். அன்றும் வீரமணி மரத்தடியில் இருந்தார். அன்றுதான் கிட்டே வந்து, "சாப்டியாண்ணா?" என்று கேட்டார்.

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை, புதுச்சேரி. அதே அறை, அதே நர்ஸ். ரஞ்சனி சுவரோரம் நின்றாள். கையில் டப்பா எதுவும் இல்லை.

"செருப்பக் கழட்டிடுங்க. பாக்கெட்ல இருக்கறத வெளிய வெச்சிடுங்க," என்றாள் நர்ஸ்.

"இருக்கட்டும்மா," என்றார் அரிகிருஷ்ணன். பையில் செல்போனும் சாவியும் இருந்தன. அப்படியே ஏறினார். கீழே குனிந்து பார்க்கவில்லை, தம்பிதான் பார்த்தார்.

84 கிலோ 700 கிராம்.